ஒன்றாம் நம்பர் பிளக்

என் கணவரின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. மண்டையிலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு வேலை மறந்துபோய்விட்டது என்று இந்தத் தெருவே நம்புகிறது. அவரும் நம்புகிறார். நம்பவைத்தவள் நான்.

எங்களுக்குப் பட்டறை கீழே, வீடு மேலே, நடுவில் ஓர் இரும்புப் படிக்கட்டு. பட்டறையை ஆரம்பித்தவர் என் அப்பா. கார் இன்ஜினைப் பிரித்துக் கோக்க அவர் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கூடாது என்றார், அதனாலேயே கற்றுக்கொண்டேன். என் கணவர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த எலக்ட்ரீஷியன். கல்யாணமான முதல் மாதமே இரண்டு பேரும் ஒரே வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஊர் சிரிக்கச் சண்டை போட்டோம். அன்றைக்கே ஓர் எல்லைக்கோடு கிழித்தோம். பேட்டரியிலிருந்து ஒயர் நுனி வரைக்கும் அவருடையது. இன்ஜினுக்குள் பொறி விடுகிற ஸ்பார்க் பிளக்கிலிருந்து உள்ளே இருப்பதெல்லாம் என்னுடையது. அவர் வந்து ஒயரைக் கழற்றிக் கொடுத்தால்தான் நான் பிளக்கில் ஸ்பேனர் வைப்பேன். நான் பிளக்கை முடுக்கிவிட்டு நகர்ந்தால்தான் அவர் ஒயரை மாட்டுவார். இருபத்தெட்டு வருடம் இப்படியே ஓடியது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நாங்கள் குடும்பம் நடத்திய விதம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பட்டறைக்குள் வருகிற எவனும் என்னிடம் பேசமாட்டான். இடுப்பு வரைக்கும் இன்ஜினுக்குள் கவிழ்ந்து கிடந்து, முழங்கை வரை கிரீஸோடு நான் நிமிர்ந்தால், என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லையா?" என்பான். மூலையில் ஸ்டூல் போட்டு, சலவைச் சட்டையோடு உட்கார்ந்து ஹாரன் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் போய் வால்வு சத்தத்தைப் பற்றிக் கேட்பான். அவர் என்னைக் கைகாட்டுவார். காட்டினாலும் வந்தவன் அவரிடமே பேசிவிட்டுப் போவான். இதில் அவர் தப்பு எதுவும் இல்லை. தப்பே இல்லாத மனுஷன் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம் வந்தது.

அப்போதுதான் பல் டாக்டரின் கார் வந்தது. எழுபது வயதுக் கார். கரும்பச்சை நிறம், ஆறு சிலிண்டர், முன்னால் நீண்ட மூக்கு. அவருடைய மாமனார் வைத்திருந்தது. இந்த மாதிரிப் பழசு டாக்டரிடம் ஒன்பது இருந்தன. வெளியூரில் நடக்கிற பழைய கார்களின் அணிவகுப்புக்கு இது இருநூறு கிலோமீட்டர் தன் சக்கரத்தில் போய்த் திரும்ப வேண்டும். மூன்று மாதம் அவகாசம். ஒழுங்காகப் போய் வந்தால் ஒன்பதையும் எங்களிடமே விடுவதாகச் சொன்னார். சொன்னது என் கணவரிடம்தான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

டாக்டருக்குக் கார் என்றால் யாரோ ஒருவருடைய வாய். டார்ச் அடித்து, உதட்டைச் சுழித்து, ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பார்.

"பழசு பழசாவே இருக்கணும். எதுலயும் பெயின்ட் வைக்காதீங்க. கீறல் விழக்கூடாது. ஒரு புள்ளி கூட" என்றார்.

இதனால் எனக்கு ஒரு சின்னச் சங்கடம். பிளக்கின் நுனியைப் பார்த்தால் சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். பிஸ்கட் நிறமாக இருந்தால் சௌக்கியம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் தேய்ந்துவிட்டது. வெளுத்திருந்தால் சூடு தாங்கவில்லை. ஆனால் ஆறையும் கழற்றிப் போட்டபிறகு எது எந்த சிலிண்டருடையது என்று தெரியாமல் போனால் அத்தனையும் வீண். மற்ற வண்டிகளில் பிளக்கின் இரும்பு உடம்பில் நகப்பூச்சால் புள்ளி வைப்பேன். டாக்டர் புள்ளி கூடாது என்றதால், இந்த வண்டிக்கு மட்டும், பிளக்கின் மேல்பாதியில் இருக்கிற வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் ஒன்று முதல் ஆறு வரை எழுதினேன். துடைத்தால் போய்விடும். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

இன்ஜினை முழுசாகப் பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றி, இரண்டு மாதத்தில் கோத்து முடித்தேன். கிளப்பினால் மேலே ஒரு டம்ளர் தண்ணீரை வைக்கலாம், சிந்தாது. டாக்டர் எடுத்துக்கொண்டு போனார். அறுபது கிலோமீட்டர் போனதும் வண்டி தட்டுத்தடுமாற ஆரம்பித்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

என் கணவர் ஒயர்களைக் கழற்றிக் கொடுத்தார். நான் ஆறு பிளக்கையும் எடுத்து வரிசையாக வைத்தேன். ஐந்து பிஸ்கட் நிறம். ஒன்றாம் நம்பர் மட்டும் கறுத்து, நனைந்து, பெட்ரோல் நாற்றத்தோடு இருந்தது. அந்த சிலிண்டரில் நெருப்பு விழவில்லை, பெட்ரோல் எரியாமல் பிளக்கை நனைத்திருக்கிறது. அவர் ஒன்றாம் ஒயரின் நுனியை இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து இன்ஜினைச் சுற்றவைத்தார். படபடவென்று நீல நிறப் பொறி பாய்ந்தது.

"கரண்ட் நல்லாத்தான் வருது பாரு" என்றார்.

"அப்ப ஏங்க எரியலை? பெட்ரோலுக்கு என்ன, உங்க மேல கோவமா?"

அவர் சிரித்துவிட்டு அந்த ஒயரைப் புதிதாக மாற்றினார். நான் ஒன்றாம் இடத்துக்குப் புதுப் பிளக் எடுத்து, எழுதி, மாட்டினேன். பட்டறையில் நன்றாக ஓடியது. டாக்டர் இந்த முறை மனைவியையும் ஏற்றிக்கொண்டு போனார். ஐம்பதாவது கிலோமீட்டரில், வெயிலில், இரண்டு பேரும் சாலையோரம் நின்றார்கள். டாக்டரின் மனைவி தொலைபேசியில் பேசியதை இங்கே எழுத முடியாது.

மறுபடியும் அதே ஒன்றாம் நம்பர். கறுப்பு, ஈரம், நாற்றம்.

இப்போது நான் முறையாக இறங்கினேன். ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளழுத்தம், அளந்தேன், ஒரே மாதிரி இருந்தது. வால்வு இடைவெளி சரி. கார்புரேட்டர் ஒன்றுதான், அதில் கோளாறு என்றால் ஆறும் கறுக்கவேண்டும். அப்புறம் பிளக்கை மாற்றி மாட்டிப் பார்த்தேன். ஒன்றாம் சிலிண்டரில் இருந்ததைக் கழுவி நாலில் போட்டேன், நாலில் இருந்ததை ஒன்றில் போட்டேன். எண்களைத் துடைத்து இடத்துக்குத் தகுந்தபடி திருத்தியும் எழுதினேன். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஊரைச் சுற்றி ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கழற்றினேன். கெட்டுப்போன பிளக் நாலில் ஜம்மென்று இருந்தது. நல்ல பிளக் ஒன்றாம் சிலிண்டருக்குப் போய்க் கெட்டுப்போயிருந்தது.

"பார்த்தீங்களா? கோளாறு பிளக்கோட போகலை. அந்த இடத்துலயே நிக்குது. இன்ஜின்ல தப்பு இல்லை, பிளக்குல தப்பு இல்லை. மிச்சம் என்ன இருக்கு? நீங்கதான் இருக்கீங்க" என்றேன்.

மரியாதைக் குறைவாக அவரை நான் ஒரு நாளும் பேசியதில்லை. 'ங்க' விடாமல் ஒரு மனிதரை எப்படிக் கூனிக்குறுக வைப்பது என்று என்னிடம் வந்து கேட்கலாம்.

ஆறு பிளக்குக்கும் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை அவர் மாற்றினார். அதற்குள் சுழல்கிற ரோட்டரை மாற்றினார். பாயின்ட், கண்டென்சர், காயில் எல்லாம் மாற்றினார். ஒவ்வொன்றையும் மாட்டும் முன்னால் ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடித்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"கோவப்படாம கேளு. ஒயர் நுனி வரைக்கும் எல்லாம் சுத்தமா இருக்கு. ஒரே ஒரு தடவை, நான் பிளக்கை மாட்டிப் பாக்கட்டுமா? பெட்டியில இருந்து எடுத்து அப்படியே நானே மாட்டுறேன். நீ சும்மா தள்ளி நில்லு."

"எதுக்கு? எனக்கு பிளக் மாட்டத் தெரியலைன்னு இருபத்தெட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் தோணுச்சா?"

"அப்படிச் சொல்லலைம்மா."

"சொல்லிட்டீங்க."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அன்றைக்கு அவரை ஒரு பிளக் மாட்ட விட்டிருந்தால் அத்தனையும் அங்கேயே முடிந்திருக்கும். விடவில்லை. புதுப் பிளக் எடுத்து, எழுதி, நானே மாட்டினேன்.

மூன்றாவது தடவை டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். என் கணவர் முன்னால், நான் பின்னால். ஊரைத் தாண்டி, லாரிகள் சீறிக்கொண்டு போகிற பெரிய சாலையில் நாற்பது கிலோமீட்டர் போனதும் இன்ஜின் இருமியது. அவருடைய பிடரி விறைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். இன்னொரு தடவை இருமியது. அப்புறம் வண்டி நொண்டிக்கொண்டே ஓரம் கட்டியது.

மூவரும் இறங்கினோம். டாக்டர் என் கணவரைப் பார்க்கவே இல்லை. அவர் தலைக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இவரை இன்னும் இந்த வண்டியில கை வைக்க விடப்போறீங்களா?"

இருபத்தெட்டு வருடத்தில் ஒரு வாடிக்கையாளர் அவரைத் தாண்டி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. எவ்வளவு நன்றாக இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். வெயிலில் குளிர்ந்த தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

"விடமாட்டேன் டாக்டர்" என்றேன்.

"இல்ல டாக்டர் சார், எல்லாத்தையும் நான் ரெண்டு தடவை பார்த்துத்தான்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"பார்த்தீங்க. பார்த்தது மனசுல நின்னுச்சா?" என்றேன். "உங்கப்பாவுக்கும் இந்த வயசுலதாங்க ஆரம்பிச்சுது."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவருடைய அப்பா கடைசி ஆறு வருடம் சொந்த மகனையே யார் என்று கேட்டுக்கொண்டிருந்தவர். குளிக்கப் போனவர் எதற்குப் போனோம் என்று தெரியாமல் வாளிக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார். என் கணவருக்கு உலகத்திலேயே பயம் என்று ஒன்று இருந்தால் அது இது ஒன்றுதான். எந்த இடத்தில் அடித்தால் வலிக்கும் என்பது கட்டிக்கொண்டவளுக்குத்தானே தெரியும்.

பட்டறைக்குத் திரும்பியதும் அவருடைய அலமாரிச் சாவியைக் கேட்டேன். மீட்டர், பாயின்ட் தேய்க்கிற சின்ன அரம், இடைவெளி அளக்கிற தகடுகள், எல்லாம் அதில்தான். இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வாசல் பக்கம் ஒரு மேசை போட்டு, "போன் வந்தா எடுங்க, யார் வந்தாலும் பேரு எழுதிக்குங்க, அது போதும்" என்றேன். மறுநாள் காலையில் அவர் அங்கே போய் உட்கார்ந்தார். வருகிறவர்கள் அவரைத் தாண்டி உள்ளே வந்து என்னிடம் பேசினார்கள்.

நாலாம் நாள் யாருக்கும் சொல்லாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார். மேசையில் உட்கார்ந்து ஒரு காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

"கண்ணுல ஒண்ணுமே இல்லையாம். முப்பது வயசுக்காரன் கண்ணு மாதிரி இருக்காம்" என்றார்.

"நல்லதுதானே."

"என்ன நல்லது? கண்ணு சரியா இருந்தும் எனக்குத் தெரியலைன்னா, அப்ப..." என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

நான் உள்ளே வேலைக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு உண்மை தெரியாது. அதனால் அந்த ஒரு நாளைக்கு என்னை மன்னித்துவிடலாம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஊரின் அந்தக் கோடியில் இன்னொரு எலக்ட்ரீஷியன் உண்டு. கண்ணாடி தடிமனாக இருப்பதால் எல்லோருக்கும் அவர் சோடாபுட்டி. எங்களுக்கும் அவருக்கும் பல வருடமாக ஏட்டிக்குப் போட்டிதான். வேறு வழியில்லாமல் கூப்பிட்டேன். என் கணவர் எழுந்து நின்று அவரை வரவேற்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, மாடிக்குப் போய்விட்டார்.

சோடாபுட்டி இரண்டு மணி நேரம் பார்த்தார். ஒவ்வொரு ஒயராக உருவி, வளைத்து, மீட்டர் வைத்து, மூக்கு இடிக்கிற தூரத்தில் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தார். முடிவில் மூடியை மாட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் வேலையில ஒரு தூசி குறை சொல்ல முடியாது. நான் பண்ணியிருந்தாக்கூட இவ்வளவு சுத்தமா வந்திருக்காது. இதை நான் சொன்னேன்னு வெளியில சொல்லிடாதீங்க."

"அப்ப கோளாறு எங்க இருக்கு?"

"தெரியலையே. ஆனா இந்தக் காலத்து வண்டி மாதிரி இதுல பிளக் தலையை ரப்பர் மூடலை. எல்லாம் வெட்டவெளியா இருக்கு. பகல் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது. ஷட்டரைப் போட்டு இருட்டாக்கி ஓடவிட்டுப் பாருங்க. கரண்ட் எங்கேயாவது தப்பிச்சு ஓடுச்சுன்னா கண்ணுக்குத் தெரியும்." சொல்லிவிட்டுத் தன் கடையில் ஆள் இல்லை என்று கிளம்பினார்.

அவர் என் கணவரின் வேலையைப் பற்றிச் சொன்னதை மாடிக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு படிதான். ஏறவில்லை.

மத்தியானம் பெட்டியிலிருந்து புதுப் பிளக் ஒன்றை எடுத்து, வழக்கம்போல எழுதி, ஒன்றாம் இடத்தில் மாட்டினேன். ஒயரையும் நானே மாட்டினேன், முதல் தடவையாக. ஷட்டரை இறக்கி, ஜன்னல்களில் அட்டையைச் செருகி, புகை போகப் பின்கதவை மட்டும் ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு இன்ஜினைக் கிளப்பினேன். முக்கால் மணி நேரம் அலுங்காமல் ஓடியது. அப்புறம் இருமியது. நான் விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்தேன்.

ஐந்து பிளக்கும் இருட்டில் இருட்டாக இருந்தன. ஒன்றாம் நம்பரின் பீங்கான் மேல், ஒயர் மாட்டுகிற உச்சியிலிருந்து அடி இரும்பு வரைக்கும், நீல நூல் ஒன்று நெளிந்து நெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. சிலிண்டருக்குள் போய் நெருப்பாக வேண்டிய கரண்ட் வெளியிலேயே வழுக்கி இறங்கி இரும்பில் கலந்துகொண்டிருந்தது. அது ஓடிய பாதை நேர்க்கோடு. அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். என் கையெழுத்து.

பென்சில் கரி கரண்ட்டைக் கடத்தும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிந்தது. இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு எல்லாம் நடுவில் வளைந்து நின்றுவிடும், நாலை நான் குட்டையாகப் போடுவேன். ஒன்றை மட்டும் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுப்பேன். முதலில் அந்தக் கோடு மெலிதாக இருந்து ஒன்றும் செய்யாது. சூடு ஏற ஏறக் கரண்ட் அதில் வழி பழகிக்கொள்ளும். ஐம்பது கிலோமீட்டர் கணக்கு அதுதான். பிளக்கை இடம் மாற்றி மாட்டினேனே, அப்போது எண்ணையும் துடைத்துத் திருத்தி எழுதியிருந்தேன். கோளாறைக் கையோடு எடுத்துக்கொண்டுபோய் மறுபடி ஒன்றாம் சிலிண்டரிலேயே வைத்துவிட்டு, கோளாறு அந்த இடத்திலேயே நிற்கிறது என்று அவர் முகத்துக்கு நேரே கத்தியிருக்கிறேன்.

இன்ஜினை நிறுத்தினேன். வண்டியின் முன் பம்பரில் உட்கார்ந்துகொண்டேன். பெட்டியிலிருந்து அப்படியே எடுத்து மாட்டுறேன் என்று அவர் கேட்டது காதில் விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. இது வெளியே தெரிந்தால், பென்சிலால் ஒரு வண்டியைப் படுக்கவைத்தவள் என்று சோடாபுட்டி கடையில் உட்கார்ந்து சிரிப்பார்கள். டாக்டர் மறுபடியும் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து மெக்கானிக்கைத் தேடுவார். எல்லாரும் தேடுவார்கள். மூன்று வாரம்தான் ஆகியிருந்தது அவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்து.

எழுந்தேன். எழுதாத பிளக் ஒன்றை மாட்டினேன். மற்ற ஐந்தையும் பெட்ரோல் துணியால் அழுத்தித் துடைத்தேன். ஷட்டரைத் தூக்கிவிட்டு இன்ஜினைக் கிளப்பினேன். இரண்டு மணி நேரம் ஒரு இருமல்கூட இல்லை.

சத்தம் கேட்டு அவர் படிக்கட்டில் இறங்கி வந்தார். கடைசிப் படியிலேயே நின்று காது கொடுத்துக் கேட்டார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். தன் தோல்வியைக் காட்டுகிற சத்தம் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை, வண்டி நன்றாக ஓடுகிறது என்கிற சந்தோஷம்தான் முதலில் வந்தது. அப்புறம்தான் மெதுவாகக் கேட்டார்.

"என்னவா இருந்துச்சு?"

எல்லோரும் ஒரு கணம் தடுமாறித்தான் பொய் சொல்வார்களாம். நான் தடுமாறவில்லை.

"ரோட்டர்ல விரிசல். மயிரிழை மாதிரி. சூடானா விரிஞ்சு கரண்ட் கசிஞ்சிருக்கு."

"ரோட்டர் நான் புதுசு போட்டேனே."

"புதுசுலயே இருந்திருக்கு. மாட்டுறதுக்கு முன்னாடி பார்த்திருக்கணும்."

"பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன்." கொஞ்ச நேரம் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார். "பார்த்த மாதிரிதான் ஞாபகம்."

பார்த்தேன் என்பதிலிருந்து பார்த்த மாதிரி ஞாபகம் என்பதற்கு அவர் வந்து சேர அவ்வளவு நேரம்தான் ஆனது.

"அதைக் காட்டேன், எப்படி இருக்குன்னு பாக்குறேன்."

"சோடாபுட்டி எடுத்துட்டுப் போயிட்டாரு."

"அவருக்குத் தெரிஞ்சுது, எனக்குத் தெரியலை." தலையை ஆட்டிக்கொண்டார். "அவரு கண்ணாடியைக் கழட்டினா கதவு எங்க இருக்குன்னு தடவிப் பாக்குற ஆளு."

இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் பார்த்தார். நானும் கூடச் சிரித்தேன். பிறகு அவர் போய் மேசையில் உட்கார்ந்துகொண்டார்.

அணிவகுப்புக்கு வண்டி போய்த் திரும்பியது. ஒன்பது வண்டியும் எங்களிடம் வந்தன. டாக்டர் தன் நண்பர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து, "இவங்கதான். வண்டியோட நாடி பிடிச்சே சொல்லிடுவாங்க" என்று என்னைக் காட்டினார். நான் கிரீஸ் கையோடு வணக்கம் சொன்னேன். எலக்ட்ரிக்கல் வேலைக்குச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வைத்தேன். ரொம்பச் சுமார்தான். என் கணவர் தன் மேசையிலிருந்து அவன் தப்புத்தப்பாக ஒயர் முறுக்குவதைப் பார்ப்பார். வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவார்.

வீட்டிலும் மாறிப்போனார். அடுப்பைப் பற்றவைத்தால் அணைத்தோமா என்று நாலு தடவை எழுந்து போய்ப் பார்ப்பார். ஒரு நாளும் அணைக்காமல் விட்டதில்லை. வெளியே போனால் போகிற இடத்தை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்காமல் கொஞ்ச நேரம் போனால் எனக்கே திக்கென்று இருக்கும். கதவைத் தட்டினால், "இருக்கேன், குளிக்கத்தான் வந்தேன், தெரியுது" என்பார். தனக்கே ஒப்பிப்பது போல இருக்கும் அந்தக் குரல்.

சொல்லிவிடலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு. ஒரே ஒரு வாக்கியம்தான். காலையில் நினைப்பேன். கீழே இறங்கினதும் யாராவது வாசலிலிருந்தே என்னைப் பார்த்து, "வணக்கம்மா, நீங்க இருக்கீங்களான்னுதான் பார்த்தேன்" என்பார்கள். அன்றைக்கும் சொல்லமாட்டேன்.

போன மாதம் எங்கள் மகள் வந்தாள். வெளிநாட்டில் இருக்கிறவள், நாலு மாதக் குழந்தையோடு வந்தாள். தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்த பேத்தி. அவர் விடியற்காலையிலேயே எழுந்து, சலவைச் சட்டை போட்டு, சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவிவிட்டு வாசலில் போய் நின்றார். டாக்ஸி வந்ததும் ஓடினார். பெட்டிகளை எல்லாம் இறக்கினார். மகள், "அப்பா, பெட்டியை விடுங்க, முதல்ல இவளைப் பிடிங்க" என்று குழந்தையை நீட்டினாள்.

அவர் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம்மா. உங்கம்மாகிட்ட குடு."

"ஏம்ப்பா? கழுத்தெல்லாம் நின்னுடுச்சு, பயப்படாம தூக்கலாம்."

"அதுக்கில்லைம்மா. எனக்கு இப்பல்லாம் கவனம் நிக்கிறதில்லை. தூக்கி வச்சிருக்கும்போதே எதையாவது மறந்து கையை விட்டுட்டேன்னா?"

மகள் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா என்ன சொல்றார்?"

அவரும் என்னைப் பார்த்தார். சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. குழந்தை கையைக் காலை ஆட்டிக்கொண்டு அவர் பக்கமே சாய்ந்தது. அந்த வண்டியில் தப்பு அவருடையது இல்லை, என்னுடையது என்று சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனிமேல் வராது என்று எனக்குத் தெரிந்தது. பட்டறைக்குள்ளிருந்து சம்பளத்து ஆளும், ஸ்கூட்டர் கொண்டுவந்த ஒருவரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா சொல்றது சரிதாம்மா. அவரை நம்பிக் குடுக்காத. இங்க குடு" என்றேன்.

மகள் ஒன்றும் புரியாமல் குழந்தையை என் கையில் வைத்தாள். அவர் கைகளைப் பின்னால் கட்டியபடியே குனிந்து அதன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மகளுக்குத் தான் புரியவைக்க முடியாததை எடுத்துச் சொன்னதற்காக, என்னை நன்றியோடு பார்த்தார்.